சாமிக்குக் கட்டிய தண்டம்

அப்பு,

இதை எழுதுவது உன் தங்கையின் கை. பேசுவது நான். நான் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு போகிறேன். இவள் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் திருத்தி எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே எழுது, அதைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா முன்கட்டில் உறங்குகிறார். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே இவள் பேனாவை மூடி நோட்டின்மேல் படுத்துக்கொள்கிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். ஆனால் காலையில் இவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்த்தால்தான், வெள்ளிக்கிழமை நீ மதுரையில் ரயில் ஏறுவதற்கு முன் இது உன் கையில் இருக்கும். நீ போடியில் இறங்கிவிட்டால் உன்னோடு தனியாகப் பேச எனக்கு நேரம் கிடைக்காது. அப்பா ஸ்டேஷனுக்கே வந்து நிற்பார். வீட்டுக்கு வந்ததும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்துவிடுவார்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பா கேட்க, இவள்தான் உரக்கப் படித்தாள். நஷ்டம் எவ்வளவோ அதைக் கொடுக்கச் சொல்லத்தான் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் என்றும், தண்டிப்பது கிரிமினல் கோர்ட்டின் வேலை என்றும், முன்சீப் மேல்தொகையாகப் போட்டது செல்லாது என்று வாதாட இடம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "இதுக்குத்தான் புள்ளையப் படிக்க வச்சது" என்றார். அதற்கு அடுத்தாற்போல் என்னைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவின் சாட்சியத்தைப் பொய் என்று முன்சீப் எழுதியது பெரிய அநியாயம். படிக்காத பெண்மணி, கூண்டில் ஏறிய பதற்றத்தில் ஒரு வார்த்தை மாறிவிட்டது. அவள் மானத்துக்காகவே இந்த அப்பீலை நடத்துவேன். என் பெயரில் நான் நடத்தும் முதல் வழக்கு இதுவாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அந்த இடம் வந்தபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்பா, "பாரு, சந்தோசத்துல அழுகப் போயிட்டா" என்று சொன்னது காதில் விழுந்தது.

சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். பேச்சியின் மடியில் ஏலக்காய் இருக்கவில்லை, அப்பு. ஒரு காய்கூட இல்லை. நான் கோர்ட்டில் சொன்னது பொய். அதற்கு முன்பு மலையில் உன் அப்பாவிடம் சொன்னதும் பொய். அவருக்கு இன்றுவரை அது தெரியாது.

நீ அந்த வருஷம் மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய். நடந்தது முழுவதும் உனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். ஐப்பசி மாதம், காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். பள்ளிக்கூடம் விடுமுறை என்று உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு நான் குரங்கணிக்கு மேலே நம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் கூடைகளை நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருந்தது. இரண்டு நாளாகவே குறைகிறது என்று அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தது. பறிக்கிற பெண்கள் மடியில் ஒதுக்கிக்கொண்டு போய்க் கீழே கடைகளில் விற்கிறார்கள் என்று கங்காணி வேறு ஓதியிருந்தார். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. நனைந்த காய் கனத்து நின்றது. இந்த இரண்டு நாளும் வெயில் அடித்தது, எடை இறங்கிவிட்டது. இது எனக்கு அங்கே நிற்கும்போதே தோன்றியது. சொல்லவில்லை. அவருடைய கோபம் ஏறிக்கொண்டிருக்கும்போது மழையைப் பற்றிப் பேசினால், தொழில் தெரியாதவள் பேசுகிறாள் என்பார்.

பெண்கள் எல்லாரையும் ஸ்டோர் முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். ஸ்டோர் என்றால் நம் காய் உலர்த்துகிற கட்டடம், உனக்குத் தெரியாததில்லை. "பொம்பளைகள நீ பாரு, வெரசா பாரு, இருட்டிக்கிட்டு வருது" என்றார். நான் ஒவ்வொருத்தியாக உள்ளே அழைத்துச் சோதித்தேன். இது அன்றைக்கு மட்டும் செய்த காரியம் என்று நினைத்துவிடாதே. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரை மடியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். கொண்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சேலையை உதறிக் காட்டுவார்கள். நான் அரிசியில் கல் பார்க்கிறவளைப் போல் பார்த்துவிட்டு, போ என்பேன். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் பட்டதில்லை. அது என் சோலி, அவ்வளவுதான்.

பேச்சி மட்டும் வரிசையில் நகரவில்லை. குரங்கணியில் குடியிருக்கிற பெண். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். "வேலைக்கு வந்தேன் மொதலாளி. களவாங்க வரல. எம்மடிய எதுக்கு அவுக்கணும்?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அப்பாவை உசுப்பிவிட்டது. "மடியில கனமிருக்கவதான் யோசிப்பா. உள்ள கூட்டிட்டுப் போ இவள" என்றார்.

உள்ளே வந்ததும் அவளே அவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒரு வெற்றிலைப் பொட்டணம், ஒரு சீப்பு, அவ்வளவுதான். "பாத்துக்கம்மா. நல்லாப் பாத்துக்க. பொறவு வெளிய போயி நீயே சொல்லு" என்றாள். அந்த நேரத்தில் வெளியிலிருந்து உன் அப்பா, "இருக்கா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியைத்தான் நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே முப்பது நாற்பது பேர் நிற்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் ஜெயித்துவிடுவாள், என் வீட்டுக்காரர் தோற்றுவிடுவார் என்று பட்டது. வேறு எதுவும் தோன்றவில்லை. "இருக்கு" என்றேன். "கொண்டா" என்றார். என் பக்கத்திலேயே அன்று பறித்த காய் கூடை கூடையாக இருந்தது. குனிந்து இரண்டு கை அள்ளினேன். பேச்சி என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் வெளியே போய் அந்தக் காயை உன் அப்பா கையில் கொடுத்தேன். அவர் நம்பினார். கட்டின பெண்டாட்டி உள்ளே போய்ப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால் எந்த மனிதர்தான் நம்பமாட்டார்? அவர்மேல் உனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்.

பிறகு நடந்தது அவர் யோசனை. போலீசுக்குப் போகவேண்டாம், எல்லாருக்கும் பாடமாக இருக்கவேண்டும் என்று ஏலக்காயை மாலையாகக் கோத்து அவள் கழுத்தில் போட்டு, குரங்கணிக் கடைத்தெரு வரை நடக்கவிடச் சொன்னார். பச்சைக் காய் கோத்தால் நிற்காது, ஸ்டோரில் உலர்ந்த காய் இருந்தது.

இந்த இடத்தில் மாலையை நான் கோத்தேன் என்று எழுதச் சொன்னேன். இவள் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தானம்மா கோத்தேன்" என்கிறாள். "நீ சின்னப்புள்ள, ஒனக்கென்ன தெரியும், நான்னு எழுது" என்றேன். "இனிமே பொய் வேணாம்னுதானம்மா எழுதுறோம்" என்கிறாள். சரி, உள்ளபடியே எழுதட்டும். கோத்தது இவள்தான். அப்பா கூப்பிட்டு, "பாப்பா, ஊசி நூல் கொண்டா, வெரசா ஒரு மாலை கோத்துக் குடு" என்றார். "சாமிக்காப்பா?" என்று கேட்டாள். பெருமாளுக்கு ஏலக்காய் மாலை சாத்துவதைப் பார்த்திருக்கிற பிள்ளை. அவர் வேறு நினைவில் "ம்" என்றார். சாமிக்கு என்பதால் நிறம் மங்காத பெரிய காயாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தாள். அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாய்க்குள் பாட்டு முனகிக்கொண்டு கோத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நம் ஜீப்பு குரங்கணியில் நின்றதால் நாங்களும் அதே பாதையில் பின்னாலேயே இறங்கி வந்தோம். பேச்சி முன்னால் நடந்தாள், பக்கத்தில் கங்காணி. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் இருந்த ஒருவன், "மாலையெல்லாம் போட்டாச்சு, மாப்ள எங்கத்தா?" என்றான். இன்னொருவன், "ஏலக்கா மணக்குதப்பா, கல்யாணச் சாப்பாடு எங்க?" என்றான். அவள் வீட்டு வாசலில் அவள் மாமியார் நின்றிருந்தாள். பேச்சி அங்கே வந்ததும் நின்றாள். கங்காணி, "கடைத்தெரு வரைக்கும்னு மொதலாளி சொல்லியிருக்காக, நட" என்றார். அவள் தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். உன் தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சாமி மாலையம்மா அது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு "மாலைக்காரி" என்றே பெயர் ஆகிவிட்டது. எந்தத் தோட்டத்திலும் அவளைப் பறிப்புக்குச் சேர்க்கவில்லை. அந்தப் பருவம் முழுக்கக் கூலி இல்லாமல் இருந்தாள். போடியில் ஒரு வக்கீல் பணம் வாங்காமல் அவள் வழக்கை எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் வந்த அன்று அப்பா சிரித்தார். "காய் பொறுக்குறவ நம்ம மேல கேசு போடுறாளாம்" என்று ஏலக்கடைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் உடன் சிரித்தேன்.

முன்சீப் கோர்ட்டில் அப்பா முதலில் ஏறி, மடியில் இருந்தது பச்சைக் காய், இரண்டு கை அளவு என்று சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. பிறகு என்னை ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். பேச்சியின் வக்கீல் என்னை அதட்டவில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரரைப் போல மெதுவாகப் பேசினார். "அம்மா, நீங்கதானே சோதிச்சீங்க? உங்க கையால எடுத்தீங்க, இல்லையா?" ஆமாம் என்றேன். "பச்சைக் காயா, உலந்த காயாம்மா?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "உலந்த காய்" என்றேன். கோர்ட்டில் ஒரு சலசலப்பு. முன்சீப் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வக்கீல், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. "உலந்த காய்தான்" என்று மறுபடியும் சொன்னேன். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

படிக்காதவள், பதற்றத்தில் வார்த்தை மாறிவிட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். அப்பு, எனக்குப் பச்சைக் காய்க்கும் உலர்ந்த காய்க்கும் வார்த்தை மாறுமா? கண்ணைக் கட்டிவிட்டு ஒரு காயைக் கையில் கொடுத்தால் எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் சூட்டில் இருந்தது என்று சொல்லுவேன். அவள் மடியில் உண்மையாகவே கண்டிருந்தால் கண்டதைச் சொல்லியிருப்பேன். மடியில் நான் எதையும் காணவில்லை. அதனால் என்னைக் கேட்டபோது, அவள் கழுத்தில் கண்டதைச் சொல்லிவிட்டேன். அந்த மாலைதான் என் கண்முன் நின்றது. அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் என் வாயிலிருந்து வந்த ஒரே நிஜம் அதுதான். முன்சீப் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

தீர்ப்புச் சொன்ன அன்று நம் வக்கீல் வந்து விளக்கினார். அவள் இழந்த கூலிக்கு ஒரு தொகை. அவள் பட்ட அவமானத்துக்கு ஒரு தொகை. இவை போக மூன்றாவதாக, மற்ற இரண்டையும்விடப் பெரிதாக ஒரு தொகை. அது எதற்கு என்று அப்பா கேட்டார். "நீங்க வேணும்னே செஞ்சீங்க, ஏழைதானே, யார் கேக்கப் போறான்னு செஞ்சீங்க, அதை மறைக்கக் கோர்ட்ல பொய்யும் சொன்னீங்க, இனிமே நீங்களோ உங்களப்போல இன்னொருத்தரோ செய்யாம இருக்கணும்னு போட்டிருக்காருங்க. தண்டனை மாதிரி" என்றார் வக்கீல். அப்பா, "அப்ப தண்டம்னு சொல்லுங்க" என்றார். வக்கீலும் வேறு நினைவில், "ஆமா, தண்டம்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் பிறகு நடந்த கூத்து.

நம் பக்கத்தில் தண்டம் என்றால் என்ன என்பது உனக்குத் தெரியும். நீ ஒன்பது வயதில் கல்லெறிந்து சுக்குக்காபிக் கடைக்காரரின் கண்ணாடி ஜாடியை உடைத்தாயே, அப்போது ஊர்க்கூட்டத்தில் அப்பாவுக்குத் தண்டம் போட்டார்கள். அப்பா கோவிலில் கட்டினார். கடைக்காரரிடம் ஒரு கும்பிடு போட்டதோடு சரி. வீட்டுக்கு வரும் வழியில் நீ, "ஒடஞ்சது அவரு ஜாடிதான? சாமிக்கு எதுக்குப்பா காசு?" என்று கேட்டாய். "அதுதான்டா மொறை. அடிபட்டவன் கையில தண்டத்தக் குடுத்தா, நாளைக்கு எல்லாப் பயலும் அடிவாங்கக் கெளம்பிருவான்" என்றார் அப்பா. எனக்கு அது அப்போது ரொம்பச் சரியாகத் தெரிந்தது. நானும் உன்னை அதட்டினேன்.

அதே முறைப்படிதான் உன் அப்பா இப்போதும் செய்தார். கூலிக்கும் அவமானத்துக்கும் உள்ள தொகையைக் கோர்ட்டில் கட்டினார். மூன்றாவது தொகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கோவிலில் கட்டி ரசீது வாங்கினார். அர்ச்சனைகூடச் செய்தார். நானும் உடன் போயிருந்தேன், எனக்கும் பிரசாதம் கொடுத்தார்கள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தொல்லை முடிந்தது என்று அன்று இரவு நிம்மதியாக உறங்கினேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

மறுநாள் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட் ஆபீசுக்குப் போனார். உடன் போயிருந்த கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். குமாஸ்தா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த வழக்குல சாமி வாதியா?" என்று கேட்டாராம். அப்பா, "தண்டம்னா கோயிலுக்குத்தானய்யா கட்டணும்?" என்றாராம். "அது ஊர்க்கூட்டத்துல. இங்க போட்ட தண்டம் பேச்சிக்குச் சேரணும்" என்றாராம் குமாஸ்தா. "அவளுக்கு என்ன நட்டமோ அதத்தான் கட்டியாச்சே. தண்டத்தையும் அவளுக்கே குடுத்தா, எனக்குத் தண்டனையா, அவளுக்குச் சீதனமா?" என்று அப்பா கேட்டதும் ஆபீசே சிரித்ததாம். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "சாமிகிட்ட வாங்கின ரசீத சாமிகிட்டயே காமிங்க, அவரு தள்ளுபடி பண்ணுவாரு" என்றாராம். அப்பா அந்தச் சிரிப்போடு வீடு வந்து சேர்ந்தார். சாப்பிடவில்லை. மறுநாள் காலை உனக்கு அப்பீல் போடச் சொல்லி எழுதவைத்தார். அவருக்கு இது பணத்துக்காக இல்லை, அப்பு. ஊர் சிரித்ததற்காக. பேச்சியைப் பார்த்துக் குரங்கணியே சிரித்ததை நான் அவருக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். செய்யவில்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வியை நான் விடாமல் யோசித்தேன். தண்டத்தை ஏன் அவளுக்கே கொடுக்கவேண்டும்? எனக்குச் சட்டம் தெரியாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கோவிலில் கட்டினபோது எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. மேளச் சத்தம், விபூதி, நாலு பேர் கும்பிட்டது, தர்மகர்த்தா எழுந்து நின்றது எல்லாமாகச் சேர்ந்து தப்புச் செய்தவர்களைப் போல இல்லாமல் புண்ணியம் செய்தவர்களைப் போல வந்தோம். அதே பணத்தைப் பேச்சியின் கையில் கொடுப்பதாக நினைத்துப் பார்த்தேன். அவள் கையை நீட்டுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அன்று என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாளே, அதேபோல் பார்ப்பாள். அந்த முன்சீப் இந்தக் கூச்சத்துக்குத்தான் தொகை போட்டிருக்கவேண்டும். சாமிக்குக் கட்டினால் தப்பித்துவிடலாம். அவளிடம் கட்டினால் தப்பிக்க முடியாது.

மேல்தொகை போட சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது உன் படிப்பு. அதில் நான் தலையிடமாட்டேன். வேறொரு வழக்கில், வேறொருவருக்காக, நீ அதை எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடு. இந்த வழக்கில் மட்டும் வேண்டாம். அப்பீலில் யாரையும் மறுபடி கூண்டில் ஏற்றமாட்டார்கள், கீழ்க்கோர்ட்டில் எழுதிவைத்ததைத்தான் படிப்பார்கள் என்று உன் கடிதத்தில் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் என்னை ஏற்றினால்கூட நான் மாற்றிச் சொல்லிவிடலாம். என்னைக் கூப்பிடமாட்டார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ எழுந்து நின்று, நான் சொன்ன பொய்யை உன் வாயால் படிப்பாய். என் தாய் பொய் சொல்லமாட்டாள் என்று அடித்துப் பேசுவாய். நீ நன்றாகப் பேசுகிறவன், ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவாய். அதுதான் எனக்குப் பெரிய பயம். பேச்சி மறுபடியும் திருடி ஆகிவிடுவாள். இந்த முறை உன்னால்.

உனக்குப் பெண் பார்க்கவேண்டும் என்று அப்பா பேச ஆரம்பித்திருக்கிறார். உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளை நாலு பேர் முன்னால், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, ஆமாவா இல்லையா என்று கேட்காதே. நீ என்ன பதிலை எதிர்பார்க்கிறாய் என்று உன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதையே சொல்லிவிடுவாள். பிறகு ஆயுசுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு திரிவாள். உள்ளே வந்து கேள், மெதுவாகக் கேள். அவள் இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடு. உன் அப்பா கெட்டவர் இல்லை. இந்தத் தோட்டத்துக்கு முதல் மூட்டை உரத்தை அவரே முதுகில் சுமந்து ஏறினார். இத்தனை வருஷத்தில் நான் அவர் பேச்சுக்கு ஒருமுறையாவது இல்லை என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்த இல்லை அவருக்குப் புதிதாக இருந்திருக்காது, எனக்கும் சொல்ல வந்திருக்கும். நான் பழக்கவில்லை. அது என் தப்பு.

இப்போது நான் செய்யப்போவதைக் கேள். விடிந்ததும் நான் குரங்கணிக்குப் போகிறேன். அப்பாவிடம் அம்மன் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று முதலில் நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பேச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றே சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்பார். சொல்லுவேன். அடிப்பாரோ என்னவோ தெரியாது, இதுவரை கை நீட்டியதில்லை. பேச்சி என்னை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தினாலும் சரி. அந்த டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி, உன் மடியில் ஒன்றும் இல்லை, நான்தான் கூடையிலிருந்து அள்ளினேன் என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். மன்னிப்புக் கேட்டுப் போனால் அதையும் அவள்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.

தண்டத்தைப் பற்றி. சிலமலையில் என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம் என் பெயரில்தான் இருக்கிறது. அதை விற்க என்ன பத்திரம் எழுதவேண்டுமோ அதை எழுதிக் கொண்டுவா. வெள்ளிக்கிழமை நீ பையில் கொண்டுவரவேண்டிய காகிதம் அதுதான், வக்காலத்து இல்லை. உன் அப்பா பணத்தில் ஒரு காசு வேண்டாம். அவர் போட்ட மாலைக்கு அவர் தனியாகப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். அந்த மூன்றாவது தொகை, பொய்க்குப் போட்ட தொகை. அந்தப் பொய் என்னுடையது.

நீ கோபப்படுவாய். முதல் வழக்கைக் கெடுத்துவிட்டாள் என்று நினைப்பாய். என்னைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அந்த நல்ல வார்த்தைகளைத் திரும்ப எடுத்துக்கொள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்ற வருத்தம் அதைவிடப் பெரிது. வெயிலில் அலையாதே. வந்து இறங்கியதும் அப்பாவோடு சண்டைக்கு நிற்காதே, முதலில் சாப்பிடு. இந்தக் கடிதத்தை முன்சீப்பிடம் கொடுக்கவேண்டும் என்றால் கொடு. யாரிடம் காட்டவேண்டும் என்றாலும் காட்டு. அதற்காகத்தான் கீழே ரேகை வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா (இடதுகைப் பெருவிரல் ரேகை)

அண்ணே, இனிமேல் எழுதுவது நான். அம்மா சொன்னது எல்லாவற்றையும் எழுதி முதலிலிருந்து ஒருமுறை மெதுவாகப் படித்துக் காட்டினேன். ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. பேனா மையைக் கட்டைவிரலில் தடவி அம்மாவே வைத்தது. எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தால், அவர்கள் அறிந்துதான் வைத்தார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாமே. வேறு யாரும் இல்லை, நான்தான் போட்டேன். அப்பா எழுந்துவிடுவாரோ என்று முன்கட்டைப் பார்த்துக்கொண்டே எழுதினேன், அதனால் எழுத்துக் கோணலாக இருக்கிறது. ஆனாலும் இன்ஷியலோடு முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.